எத்தனை மடங்கு? புளியங்கொட்டையோடு ஒரு கணக்கு வகுப்பு

பத்தாம் வகுப்பில், ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணின் ஒரே மடங்காக வரும் பெருக்குத் தொடர்வரிசையை நடத்தி முடித்து, பயிற்சிக் கணக்கெல்லாம் போடவைத்து, டெஸ்டும் வைத்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏரியில் ஆகாயத்தாமரை படர்கிறது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப்போல இரண்டு மடங்கு. முப்பதாம் நாள் ஏரி முழுக்க மூடிவிட்டது. பாதி ஏரி மூடியிருந்தது எந்த நாள்? வகுப்பில் பெரும்பாலும் "பதினஞ்சு சார்" என்றுதான் குரல் வரும். பொது உறுப்புச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிற பிள்ளைகள் அவர்கள். இருபத்தொன்பது என்று சரியாகச் சொன்னவர்களிடம், "இருபத்தஞ்சாம் நாள் கரையில நின்னு பார்த்தா எவ்வளவு தெரியும்?" என்று கேட்டால் அவர்களும் தடுமாறுவார்கள். முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று சதவீதம்தான். ஏதோ ஓரத்தில் கொஞ்சம் பச்சை. இன்னும் ஐந்து நாளில் தண்ணீரே கண்ணில் படாது என்று அன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தருமபுரியை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். இந்தப் பாடத்தைப் பலவிதமாக நடத்திப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது, சூத்திரம் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை என்பது. அவர்கள் வீட்டில் கண்டு வளர்ந்த கணக்கெல்லாம் கூட்டல் கணக்கு. நாள் கூலி, சொசைட்டியில் ஊற்றும் பால், பஸ் டிக்கெட் என்று எதை எடுத்தாலும் ஒரே அளவாகக் கூடிக்கொண்டு போவது. அதனால் எந்த எண் வரிசையைக் கண்டாலும் "எவ்வளவு கூடுச்சு?" என்றே மனம் கேட்கிறது. "எத்தனை மடங்கு ஆச்சு?" என்ற கேள்வி தானாக எழுவதில்லை. பெரியவர்களும் இப்படித்தான். அடுக்குமுறையில், அதாவது மடங்கு மடங்காக, வளர்வதை மனிதர்கள் மிகக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதை வாகனார், சகாரியா என்ற இரு ஆய்வாளர்கள் 1975-லேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். மனதில் எழும் அந்தக் கேள்வியை மாற்றுவதுதான் இந்தப் பாடத்தில் ஆசிரியரின் வேலை என்று நினைக்கிறேன். போர்டில் எழுதி அதை மாற்ற முடியாது. பிள்ளைகள் கையால் எண்ண வேண்டும்.

எங்கள் பக்கம் புளிக்குக் குறைவில்லை. மாசி, பங்குனியில் திண்ணைக்குத் திண்ணை புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். தாயம் ஆடுவதற்குக் கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதையே பாடத்துக்கு எடுத்துக்கொண்டேன். ஐந்து பேர் குழு ஒன்றுக்கு 200 கொட்டை. ஆளுக்கு நாற்பது கொட்டையைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்த்துக்கொண்டு வரவேண்டும். தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கட்டாயம் வைப்பார்கள்.

விதி ஒன்றுதான். நான்கு கொட்டையில் தொடங்க வேண்டும். டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்ட வேண்டும். வெள்ளை மேலே தெரிகிற ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு புதுக் கொட்டையைச் சேர்த்து, மொத்தத்தை எண்ணி எழுதிவிட்டு மறுபடி குலுக்க வேண்டும். அவ்வளவே.

குலுக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் தவறக்கூடாது. பத்தாவது சுற்று முடிவில் எத்தனை கொட்டை இருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெயர் போட்டு மடித்துக் கொடுக்க வேண்டும். "சுத்துக்கு ரெண்டு ரெண்டா வரும், அப்ப இருபத்துநாலு" என்று கணக்குப் போட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். துணிந்தவர்கள் ஐம்பது என்பார்கள். இந்தத் துண்டுத்தாள் இல்லாமல் செய்தால் செயல்பாடு வெறும் விளையாட்டாக முடிந்துவிடும். தன் கையெழுத்தில் எழுதிய 24, தன் கையால் எண்ணிய 169-க்குப் பக்கத்தில் கிடக்கும்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது.

169 என்று சும்மா சொல்லவில்லை. ஒரு குழுவின் நோட்டில் இருந்த வரிசை இது: 4, 6, 9, 12, 18, 26, 37, 55, 80, 116, 169. முதலில் வித்தியாசத்தை எழுதச் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் மனம் போவது அங்கேதான். 2, 3, 3, 6, 8, 11, 18, 25, 36, 53. இதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று தேட விட்டுவிட வேண்டும், அவசரப்பட்டு நாமே சொல்லிவிடக் கூடாது. கொஞ்ச நேரம் குழம்புவார்கள். அதன்பிறகு அடுத்த பத்தியில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுக்கச் சொல்வேன். 1.5, 1.5, 1.33, 1.5, 1.44, 1.42, 1.49, 1.45, 1.45, 1.46. தொடக்கத்தில் முன்னே பின்னே ஆடினாலும், கொட்டை கூடக் கூட ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கால்குலேட்டர் இல்லாமல் வகுப்பதால் தசம வகுத்தலுக்கும் இது நல்ல பயிற்சி.

இந்த இடத்தில் "ஒன்றரை மடங்கு வரணும்ல சார், வெள்ளை பாதி கறுப்பு பாதின்னா?" என்ற கேள்வி வந்தே தீரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். கொட்டை நாணயம் இல்லை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. எங்கள் கொட்டைகளில் நூறு விழுந்தால் நாற்பத்தைந்து அளவில்தான் வெள்ளை மேலே வந்தது. எத்தனை மடங்கு என்பதைப் புத்தகம் சொல்லவில்லை, கொட்டை சொல்கிறது. எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கூட்டிப் போர்டில் போட்டால் நிகழ்தகவுப் பாடத்துக்கும் அஸ்திவாரம் விழுந்துவிடும். அதனால்தான் பகடைக்கும் காசுக்கும் மேலாகக் கொட்டையை வைக்கிறேன்.

இன்னொரு குழுவின் வரிசை எனக்கு இன்னும் பெரிய பாடமாக அமைந்தது. அவர்களுக்கு முதல் இரண்டு குலுக்கலிலும் ஒரு வெள்ளைகூட விழவில்லை. 4, 4, 4 என்று நின்றுவிட்டது. "எங்க கொட்டைக்கு ராசியே இல்ல சார், முதல்ல இருந்து போடறோம்" என்றார்கள். வேண்டாம், தொடருங்கள் என்றேன். 6, 9, 13, 19, 27, 40, 58, 85. பத்தாவது சுற்றில் அந்தக் குழு 169, இந்தக் குழு 85, ஏறக்குறையப் பாதி. மடங்கு இரண்டு குழுவுக்கும் ஒன்றேதான். இரண்டு சுற்று தாமதமாகக் கிளம்பியது மட்டுமே வேறுபாடு. 2020-இல் பள்ளிகளை மூடியது பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. நோயாளிகள் கொஞ்சப் பேராக இருக்கும்போதே ஏன் அப்படி அவசரப்பட்டார்கள் என்ற பேச்சை இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துத்தான் தொடங்கினேன். தொடக்கத்தில் இரண்டு சுற்றைத் தள்ளிப்போட முடிந்தால் பத்தாவது சுற்றில் பாதிப் பேர் தப்புகிறார்கள். இதைச் சொல்ல ஒரு சூத்திரமும் தேவைப்படவில்லை.

அதே வகுப்பில் ஒரு மாணவி, வித்தியாசப் பத்தியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழிச்சதும் அதே மாதிரிதான் சார் கூடுது, 25, 36, 53" என்றாள். வகுத்துப் பார்த்தால் அங்கேயும் 1.44, 1.47. இருப்பது எத்தனை மடங்காகிறதோ, கூடுவதும் அத்தனை மடங்காகிறது. அடுக்குமுறை வளர்ச்சியின் உயிரே இதுதான். பிளஸ் டூவில் வகைக்கெழு படிக்கும்போது வேறு பெயரில் இதைத்தான் அவள் சந்திக்கப்போகிறாள். அன்று போர்டில் அந்த வரியை எழுத அவளைத்தான் கூப்பிட்டேன்.

எல்லாரும் செய்கிற தாள் மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 0.1 மில்லிமீட்டர் தாளை 42 முறை மடித்தால் நான்கு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வரும், நிலாவின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர்தான் என்பது நல்ல வியப்பு. ஆனால் சாதாரணத் தாளில் ஆறு ஏழு மடிப்போடு கை நின்றுவிடுகிறது. மீதி முப்பத்தைந்து மடிப்பையும் பிள்ளை ஆசிரியரை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் பிரிட்னி கேலிவன் என்ற பள்ளி மாணவி மிக நீளமான டாய்லெட் பேப்பர் ஒன்றைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டியதோடு, எத்தனை மடிப்புக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று சூத்திரமும் கண்டுபிடித்தார். இந்தச் செய்தியைச் சொல்லி ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்வேன்.

அதைவிட மைதானத்தில் போடும் சுண்ணாம்புக் கோடு மேல். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி, இரட்டித்து இரட்டித்து ஒவ்வொரு கோடாகப் போட வேண்டும். ஏழாவது இரட்டிப்பில் 128 சென்டிமீட்டர், பத்தாவதில் பத்து மீட்டர், பதின்மூன்றாவதில் கிட்டத்தட்ட 82 மீட்டர். எங்கள் மைதானம் அதோடு சரி. அடுத்த கோட்டுக்குக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போக வேண்டும். அங்கேயே நின்று மீதியைக் கணக்குப் போட்டால், இருபத்திரண்டாவதில் 42 கிலோமீட்டர், ஏறக்குறைய கிருஷ்ணகிரி. இருபத்துநான்காவதில் பெங்களூரையும் தாண்டிவிடும். தினமும் பார்க்கிற ரோடு என்பதால் இந்த எண்கள் மனதில் ஒட்டுகின்றன.

சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று தானியம் வைக்கும் கதை எல்லாருக்கும் தெரியும். அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தோடு சேர்த்துக் கேரளத்தில் சொல்வார்கள். நான் அரிசிக்குப் பதில் கேழ்வரகு வைக்கிறேன். எங்கள் மண்ணின் தானியம் என்பதோடு, மிகச் சிறியது என்பதும் காரணம். பதினோராவது கட்டத்தின் 1,024 மணியும் ஒரு ஸ்பூனுக்குள் அடங்கிவிடுகிறது. "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள், அந்த ஏமாற்றம் வேண்டும். நாங்கள் எண்ணிப் பார்த்ததில் கிராமுக்கு 375 மணி அளவில் வந்தது. அதை வைத்துக்கொண்டு மேலே போனால் இருபத்தொன்றாவது கட்டத்தில் 2.8 கிலோ, முப்பத்தொன்றாவதில் ஏறக்குறைய 2.9 டன். அறுபத்துநான்கு கட்டமும் சேர்த்து 4,900 கோடி டன்னுக்கு மேல். இந்தியாவின் மொத்த உணவு தானிய விளைச்சல் 2022-23-இல் சுமார் 33 கோடி டன். நெல், கோதுமை, பயறு, சிறுதானியம் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தாலும் ஏறக்குறைய 150 வருட விளைச்சல் வேண்டும்.

இனி பட்டுப்புழு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் மல்பெரி வைத்துப் புழு வளர்க்கும் வீடுகள் நிறைய. என் வகுப்பிலும் அப்படி வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். கூடு கட்டும் நேரம் நெருங்கினால் அந்தப் பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுவார்கள். விடியற்காலையிலும் ராத்திரியிலும் இலை போட வேண்டியிருக்கும். ஏன் கடைசி ஒரு வாரம் மட்டும் இந்தப் பாடு என்று ஒரு பையனைக் கேட்டேன். "நாலாவது தோலுரிப்பு வரைக்கும் ஒரு கூடை இலை போதும் சார். அதுக்கப்புறம் எவ்வளவு வெட்டினாலும் பத்தாது. ராத்திரி புழு தின்ற சத்தமே மழை பேயற மாதிரி கேக்கும்" என்றான். அவன் கணக்கு வகுப்பில் வாய் திறப்பவனே இல்லை. அன்று முழுப் பீரியடும் அவனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு அரை மில்லிகிராம்கூட இருக்காது. சுமார் இருபத்தைந்து நாளில் அதன் எடை பத்தாயிரம் மடங்கு ஆகிறது. இதை வைத்துப் பிள்ளைகளிடம் கேட்டேன்: எத்தனை முறை இரட்டித்தால் பத்தாயிரம்? பதின்மூன்று முறைக்கு 8,192, பதினான்குக்கு 16,384. ஆக, பதின்மூன்று முறைக்குச் சற்று மேல். இருபத்தைந்து நாளில் பதின்மூன்று இரட்டிப்பு என்றால், இரண்டு நாளுக்கு ஒரு முறைக்கும் சற்று வேகம். எடை இரட்டித்தால் தீனியும் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8 என்று நீளமாகப் போகும் எந்த வரிசையிலும் கடைசி மூன்று உறுப்புகள் மட்டுமே மொத்தத்தில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு. அதாவது ஏறக்குறைய 87.5 சதவீதம் தீனி கடைசி ஆறு நாளுக்குள். புழு வளர்ப்புக் கையேடுகளும் மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல், நாலாவது தோலுரிப்புக்குப் பிறகு வரும் ஐந்தாம் பருவத்தில்தான் செலவாகிறது என்கின்றன. வீட்டில் பார்த்ததும் நோட்டில் போட்டதும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தபோது வகுப்பில் எழுந்த சத்தம் எனக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது. அந்தப் பையன் மறுநாள் வந்து, "அம்மாகிட்ட சொன்னேன் சார், அப்ப தோட்டத்துல எவ்வளவு இலை இருக்கணும்னு முன்னாலயே கணக்குப் போட்டுத் தரியான்னு கேட்டாங்க" என்றான்.

பட்டுப்புழுவில் இன்னொரு நன்மையும் உண்டு. அது வளர்ந்துகொண்டே போவதில்லை. தோலுரிக்கும்போது தின்னாமல் நிற்கிறது, முடிவில் கூடு கட்டிவிடுகிறது. எந்த வளர்ச்சியும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும் என்பதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிப்பது எனக்குச் சம்மதமில்லை. அதற்கு வகுப்பிலேயே ஒரு செயல்பாடு இருக்கிறது. நாற்பது பேரில் ஒருவரிடம் ஒரு ரகசியச் சொல்லைக் கொடுக்க வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை, சொல் தெரிந்த ஒவ்வொருவரும் கண்ணில் படும் யாராவது ஒருவர் காதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரிடமே போய்ச் சொன்னால் அந்தச் சுற்று வீண். எங்களுக்கு வந்த வரிசை 1, 2, 4, 8, 14, 23, 32, 37, 39, 40. முதல் மூன்று சுற்றில் சரியாக இரண்டு மடங்கு, பிறகு 1.75, 1.64, 1.39 என்று இறங்கி ஒன்றுக்கு வந்துவிடுகிறது. சொல்கிற வேகம் யாருக்கும் குறையவில்லை, புதிதாகக் கேட்க ஆள்தான் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

வட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பேச்சில் "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். பத்தாயிரம் வாங்கியவர் மாதாமாதம் 300 கட்டினால் இரண்டு வருடத்தில் 7,200 கட்டியிருப்பார், அசல் அப்படியே நிற்கும். கட்டாமல் வட்டியும் அசலில் சேர்ந்துகொண்டே போனால் 24 மாதத்தில் 20,328, இரண்டு மடங்கு. "அஞ்சு வட்டி" என்றால் அதே 24 மாதத்தில் 32,251. 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிக்க ஆகும் காலம் ஏறக்குறைய வந்துவிடும். மூணு வட்டிக்கு 24 மாதம், அஞ்சு வட்டிக்குப் பதினான்கரை மாதம். பிள்ளைகள் ஒவ்வொரு மாதமாகப் பெருக்கி இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கை வலிக்கும், வலிக்கட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. யார் வீட்டில் கடன், யாரிடம் வாங்கினார்கள் என்ற பேச்சே வகுப்பில் எழக்கூடாது. எண்களை நாமே கொடுத்துவிட வேண்டும். கேட்டால் தலைகுனிகிற பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும், தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பதையும் சொல்வேன். குழுவில் இருக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். புளியங்கொட்டை வேலைக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும், ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் மணி அடித்தால் எண்ணிக்கை கலைந்துவிடும். எண்ணுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர் என்று பிரித்து, சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றுங்கள், இல்லையென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கும். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். கிராஃப் தாளில் புள்ளி வைப்பதை மறுநாளைக்குத் தள்ளிவிடலாம். சூத்திரத்தை அதற்கும் பிறகு எழுதினால் போதும், அப்போது அதில் வரும் ஒவ்வோர் எழுத்தும் எந்தக் கொட்டையைக் குறிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

நேரம் மீந்தால் அதே கொட்டையைத் திருப்பி ஆடலாம். இருநூறில் தொடங்கி, வெள்ளை விழுந்ததையெல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும். இரண்டாவது சுற்றுக்குள்ளேயே பாதிக்குக் கீழே போய்விடும். பிளஸ் டூ இயற்பியலில் வரும் அரை ஆயுட்காலத்துக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் கொட்டைகளை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். வண்டு விழாமல் இருந்தால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் ஆகும், தேய்க்கிற வேலை மிச்சம்.